மாலில் லிஃப்ட்டுக்காக 25 நிமிடம் நின்றோம்: அந்த லிஃப்ட் யாருக்கு?

மடிப்பாக்கத்துக்காரி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதிவிட்டால்தான் மனசு ஆறும்போல இருக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது. நாலு மாதம் முன்னால் இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை. வீட்டுக்குள் நடக்கிறார், தெருமுனை வரை போய்விட்டு வருகிறார், அதற்கு மேல் முடியாது. பேத்திக்குப் பிறந்தநாள், "நானும் வரேன்டி" என்று ஆசையாகக் கேட்டார். சென்னையில் ஒரு பெரிய மாலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே நுழைந்ததும் சக்கர நாற்காலி கொடுத்தார்கள், பணம் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் குறையே இல்லை. மூன்றாவது மாடியில் சாப்பிட்டு முடித்து ஆறரை மணிக்குக் கிளம்பினோம். வண்டி நின்றது இரண்டாவது பேஸ்மென்ட்டில்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். முதல் தடவை கதவு திறந்தபோது உள்ளே நிரம்பி இருந்தது. சரி, அடுத்தது வரட்டும் என்று நின்றோம். அடுத்ததிலும் கூட்டம். இப்படி ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பவர்கள் அம்மாவைப் பார்க்கிறார்கள், உடனே போனைக் குனிந்து பார்க்கிறார்கள், கதவு மூடிக்கொள்கிறது. கையில் ஒரு பைகூட இல்லாத கல்லூரிப் பிள்ளைகள். பத்தடி தள்ளி எஸ்கலேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர்கூட இறங்கவில்லை.

கடைசியில் அம்மாவே, "விடுடி, நான் மெதுவா எஸ்கலேட்டர்லயே வந்துடறேன்" என்று எழுந்துவிட்டார். இடது கையில் கொசுவத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். வலது காலை நீட்டினார். படி தட்டையாக வெளியே வந்து, அடுத்த நொடியே முன்னால் சரிந்து இறங்குகிறது. காலை இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார், மறுபடி இழுத்துக்கொண்டார். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரோ "பாட்டி, நகருங்க" என்றார்கள். அம்மா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே நான் இங்கெல்லாம் வரலைடி" என்றார்.

மொத்தம் 25 நிமிடம் ஆயிற்று. மாலின் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் இது ஒரே ஒரு மாலின் கதை என்று எனக்குத் தோன்றவில்லை. நான் கேட்பது இதுதான். லிஃப்ட் எண்ணிக்கைதான் குறைவா? சக்கர நாற்காலிக்கு வழிவிட வேண்டும் என்று விதி ஏதாவது இருக்கிறதா? வேறு ஊர்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?


ரயிலடி எழுதியது:

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. என் அப்பாவுக்கும் இதே நிலைமைதான். நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். கீழே போக வேண்டுமென்றாலும் மேலே போகிற லிஃப்ட்டில் ஏறிவிடுவோம். மேலே போய்ச் சுற்றிக்கொண்டு அதிலேயே இறங்குவோம். அப்போது இடம் கிடைத்துவிடும். முயன்று பாருங்கள்.


முக்கோணச்சாவி எழுதியது:

22 வருடமாக லிஃப்ட் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், இப்போது கோவையில். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ரயிலடி தம்பிக்கு. உங்கள் அப்பாவை வைத்துக்கொண்டு நீங்கள் செய்வதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று மாலுக்கு வருகிற எல்லோரும் அதையே செய்கிறார்கள். கீழே போகிறவர்கள் மேலே போகும் லிஃப்ட்டிலேயே ஏறி இடம் பிடித்துவிடுவதால், உச்சி மாடியில் லிஃப்ட் திரும்பும்போதே முக்கால்வாசி நிரம்பிவிடும். மிச்சம் இருப்பதைச் சினிமாவிலிருந்து வருகிறவர்கள் நிரப்பிவிடுவார்கள். நடு மாடிகளில் நிற்பவர்களுக்கு ஒன்றுமே கிடைக்காது. அக்கா மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அடுத்தது இரண்டு அம்புக்குறி. நீங்கள் போக வேண்டிய திசையை மட்டும் அழுத்த வேண்டும். "லிஃப்ட் மேலே நிற்கிறது, கீழே கூப்பிடுவோம்" என்று கீழ் அம்பை அழுத்துகிறவர்கள் உண்டு. அவசரத்தில் இரண்டையும் அழுத்துகிறவர்கள் இன்னும் அதிகம். அப்படிச் செய்தால் லிஃப்ட் போகும்போதும் நிற்கும், வரும்போதும் நிற்கும். ஒரு தடவை நின்று, கதவு திறந்து, மூடிக் கிளம்புவதற்குள் 15 நொடி போய்விடும். ஆறு தளத்திலும் இப்படி ஆனால் ஒன்றரை நிமிடம் வீண்.

மூன்றாவதாகச் சொல்வது பலருக்குத் தெரியாது. கேபின், அதாவது நாம் ஏறி நிற்கும் பெட்டி, அதன் எடையை லிஃப்ட் உணர்ந்துகொண்டே இருக்கும். நம் நாட்டுக் கணக்கில் ஒரு ஆளுக்கு 68 கிலோ, அதனால் 13 பேர் லிஃப்ட் என்றால் 884 கிலோ. எடை சுமார் 80 சதவீதத்தைத் தொட்டுவிட்டால், "நான் நிரம்பிவிட்டேன்" என்று லிஃப்ட் நடுவில் வரும் அழைப்புகளுக்கு நிற்காமல் போகும்படி வைத்திருப்போம். ஆபீஸ் கட்டடத்தில் இது அருமையாக வேலை செய்யும். மாலில் செய்யாது. இரண்டு குழந்தை வண்டி, ஒரு சக்கர நாற்காலி, நாலைந்து பெரியவர்கள் ஏறினால் உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் எடை 400 கிலோவைத் தாண்டாது. பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு லிஃப்ட் எல்லா மாடியிலும் நின்று கதவைத் திறக்கும். யாரும் ஏற முடியாது. அக்கா பார்த்த ஆறு தடவையில் சில தடவை இதுவாகத்தான் இருக்கும்.

அந்த 80 சதவீதத்தைக் குறைத்து வைக்க முடியும். நான் பார்க்கும் ஒரு இடத்தில் குறைத்தோம், ஞாயிறு மாலை நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது. பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனத்திடம் மால் நிர்வாகம் கேட்டால் போதும். கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.


இரட்டையர் அம்மா எழுதியது:

இரட்டைக் குழந்தை வண்டி தள்ளுகிறவள் நான். முக்கோணச்சாவி அண்ணா, எடை விஷயம் இப்போதுதான் புரிகிறது. இத்தனை நாள் லிஃப்ட்டில் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எஸ்கலேட்டரில் வண்டியை ஏற்றலாமே என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். இரண்டு சக்கரம் ஒரு படியிலும் இரண்டு சக்கரம் இன்னொன்றிலும் நிற்கும், பாரம் முழுக்க உங்கள் மணிக்கட்டில். மேலே போய்ச் சேரும் இடத்தில் முன்சக்கரம் சீப்பு மாதிரி இருக்கும் தகட்டில் தட்டி நின்றால், பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் நம் மேல்தான் விழுவார்கள்.


கிடைமட்டம் எழுதியது:

கட்டட வரைபடத் துறையில் இருக்கிறேன். லிஃப்ட் எண்ணிக்கை குறைவா என்று கேட்டிருந்தீர்கள். கணக்காகவே பார்த்துவிடலாம்.

ஒரு மீட்டர் அகலப் படி, நொடிக்கு அரை மீட்டர் வேகம், இப்படிப்பட்ட எஸ்கலேட்டர் ஒரு மணி நேரத்தில் 6,000 பேர் வரை சுமக்கும் என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் இரண்டு லிஃப்ட்டும் 13 பேர் லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் ஏறுவது பத்துப் பேர். ஆறு தளத்திலும் நின்று ஒரு சுற்று முடிக்க மூன்று நிமிடம் என்றால், ஒவ்வொன்றும் மணிக்கு 20 சுற்று. இரண்டும் சேர்ந்து கீழே இறக்குவது 400 பேர். அந்த ஒரு எஸ்கலேட்டர் ஒரு மணி நேரத்தில் இறக்குகிற கூட்டத்தை இறக்க இந்த இரண்டு லிஃப்ட்டுக்கும் 15 மணி நேரம் வேண்டும்.

அதனால் மாலுக்கு வரைபடம் போடும்போதே கூட்டத்தைச் சுமக்கும் வேலையை எஸ்கலேட்டருக்குத்தான் கொடுப்போம். நடக்க முடியாதவர், கைக்குழந்தைக்காரர், தள்ளுவண்டி நிறையச் சாமான் வாங்கியவர், இவர்களுக்குத்தான் லிஃப்ட் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். அந்தக் கணக்கில் இரண்டு லிஃப்ட் போதுமானதாகத் தெரியும். நடக்க முடிந்தவர்களும் அதில் ஏறினால் எத்தனை லிஃப்ட் வைத்தாலும் காணாது.

இதில் ஒன்று எனக்கு எப்போதும் வியப்பு. மக்களை ஏற்றிச் செல்ல ஓட்டிஸ் நிறுவனம் முதன்முதலில் லிஃப்ட் வைத்ததே ஒரு கடையில்தான். 1857ல் நியூயார்க்கில், ஹாவாட் என்பவரின் ஐந்து மாடிப் பீங்கான், கண்ணாடிப் பாத்திரக் கடை. வாங்க வருகிறவர் படியேறிக் களைத்துப் போகாமல் மேல் மாடி வரை வர வேண்டும் என்பதுதான் எண்ணம். களைப்பவருக்காக வந்த லிஃப்ட், இன்று மாலில் கழிப்பறைக்குப் போகும் சந்தின் கடைசியில் ஒதுங்கிக் கிடக்கிறது. நடுக்கூடத்தில் எஸ்கலேட்டரை எதிரும் புதிருமாக வைத்து, ஒவ்வொரு மாடியிலும் கடைகளைச் சுற்ற வைத்துத்தான் அடுத்ததில் ஏற விடுவார்கள். லிஃப்ட்டில் போகிறவர் கடைகளைப் பார்க்காமலே போய்விடுவார், அதனால் அது கண்ணில் படாத மூலைக்குப் போகிறது. எங்கள் துறையில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் நடப்பது இதுதான்.

விதி பற்றி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016ல் வந்தது, சக்கர நாற்காலிக்காரர் பயன்படுத்தும் லிஃப்ட்டுக்குக் கறாராகவே சொல்கிறது. வாசல் 900 மில்லிமீட்டர் அகலம், தானாக மூடும் கதவு குறைந்தது 5 நொடி திறந்திருக்க வேண்டும், பட்டன் பலகைக்கு அருகே கைப்பிடி, வெளியே நாற்காலி திரும்ப 1800க்கு 1800 இடம். யார் முதலில் ஏற வேண்டும் என்பதை அது சொல்லவில்லை.


நீலக்குடை எழுதியது:

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 26 வயது. கையில் பை இருக்காது, போனைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன். அக்கா எழுதிய அந்தப் பிள்ளைகள் மாதிரியே இருப்பேன். எனக்கு ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பைப் பிடிக்கும் வாதம். நல்ல நாளில் ஓடக்கூட முடியும். மோசமான நாளில் எஸ்கலேட்டர் படி காலடியில் நகரும்போது வரும் சின்ன அதிர்வே இடுப்பில் கத்தி மாதிரி இறங்கும். ஒரு நாள் லிஃப்ட்டுக்குள் இரண்டு கண்ணாடிச் சுவருக்கு நடுவே குனிந்து நின்றுகொண்டிருக்கும்போது ஒரு பெரியவர், "இந்த வயசுல உனக்கு என்ன கேடு, படியில போனா தேஞ்சா போயிடுவ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் இறங்கிவிட்டேன். படியில்தான் போனேன். அன்று ராத்திரி தூங்கவில்லை.

உங்கள் அம்மாவுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் லிஃப்ட்டுக்குள் இருப்பவரைப் பார்த்தவுடன் முடிவு கட்டாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.


மடிப்பாக்கத்துக்காரி எழுதியது:

தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் எழுதினேன். கையில் பை இல்லாதவர் என்பதை ஒரு குற்றம்போல எழுதியது என் தவறு, உங்கள் பதிவைப் படித்தபோது முகம் சிவந்துவிட்டது. நீங்களும் அம்மாவும் ஒரே பக்கம் நிற்க வேண்டியவர்கள்.


வெள்ளைக்கோல் எழுதியது:

மதுரையிலிருந்து. எனக்குப் பார்வை இல்லை, திரைவாசிப்பானில் இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னொரு பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு லிஃப்ட் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது வந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? மேலே போகிறதா கீழே போகிறதா? சில நல்ல இடங்களில் மேலே என்றால் ஒரு மணி, கீழே என்றால் இரண்டு மணி அடிக்கும். காது அந்தப் பக்கம் போய்விடும், கால் பின்னாலேயே போய்விடும். நான் போகும் மாலில் அந்த மணி இருக்கிறது. ஆனால் வாசலுக்கு மேலேயே ஒலிபெருக்கியில் பாட்டு. கதவு திறக்கும் சத்தமே கேட்காது. யாராவது ஏறுகிற காலடியை வைத்துத்தான் ஏறுவேன்.

உள்ளே போனால் புதிதாக மாற்றிய தொடு பலகை. வழவழவென்று கண்ணாடி. விரலால் தேடினால், தேடுகிற வழியில் இருக்கும் எல்லா மாடியும் அழுந்திவிடும். பழைய பலகையில் குண்டு பட்டன், பக்கத்தில் பிரெய்ல் புள்ளி, "மூன்றாம் தளம்" என்று குரல். எல்லாம் இருந்தது. அழகுக்காக எடுத்துவிட்டார்கள். லிஃப்ட்டை மாற்றும்போது நிர்வாகங்கள் எங்களில் ஒருவரையாவது கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். அரை மணி நேர வேலை.


முக்கோணச்சாவி எழுதியது:

ஐயா, பாட்டு விஷயம் எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. அடுத்த வாரம் நான் போகும் இடங்களில் சொல்கிறேன்.

இன்னொன்று. எங்களுக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை கதவுக் கோளாறு. கதவு ஓடும் பள்ளத்தை நாங்கள் சில் என்போம். சினிமா மாடியில் இருக்கும் லிஃப்ட்டின் சில்லை ஞாயிறு ராத்திரி சுத்தம் செய்தால் ஒரு கைப்பிடி பாப்கார்ன், ஐஸ்கிரீம் குச்சி, செருப்பில் இருந்து விழுந்த மணி, எல்லாம் வரும். ஒரு குச்சி போதும், கதவு மூடாது. மூடப் பார்க்கும், திறக்கும், மறுபடி மூடப் பார்க்கும். சில தடவை பார்த்துவிட்டு லிஃப்ட் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இரண்டு லிஃப்ட்டில் ஒன்று அப்படி நின்றால் உங்கள் 25 நிமிடம் 50 நிமிடம் ஆகும். மாலில் துப்புரவு செய்யும் அம்மாக்களிடம் ஒரு பிரஷ் கொடுத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்தப் பள்ளத்தைத் தட்டிவிடச் சொன்னால் பாதிக் கோளாறு போய்விடும்.


ரயிலடி எழுதியது:

முக்கோணச்சாவி அண்ணா, மேலே போய்ச் சுற்றுவதை இனி அப்பா கூட இல்லாதபோது செய்ய மாட்டேன், சத்தியம். ஒரு சந்தேகம். போன மாதம் கண்ணாடி கேப்சூல் லிஃப்ட் ஒன்றில் 18 நிமிடம் மாட்டிக்கொண்டோம். உள்ளே ஒரு பெண் "காத்து தீர்ந்துடும், கதவை நெம்புங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அப்படி ஆகுமா?


முக்கோணச்சாவி எழுதியது:

ஆகாது. கேபின் டப்பா மாதிரி அடைத்ததல்ல, காற்று வரப் போக வழி வைத்தே செய்கிறோம். அறுந்து விழுமோ என்ற பயமும் வேண்டாம். தூக்குவது ஒரே ஒரு கயிறு அல்ல, பல கயிறுகள். வேகம் அளவை மீறினால் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பிடித்து, கேபினுக்குக் கீழே இருக்கும் பிரேக் கட்டை தண்டவாளத்தைக் கவ்விவிடும்.

ஆபத்து இருப்பது நெம்புவதில். இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிஃப்ட்டில் இருந்து குதிக்கும்போது, கேபினுக்கும் தளத்துக்கும் இடையில் தெரியும் இடைவெளி வழியாக ஆள் நேராகக் குழிக்குள் போய்விடலாம். மணியை அழுத்துங்கள், பேசும் கருவியில் பேசுங்கள், தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவியைப் பயிற்சி இல்லாத காவலாளி கையில் கொடுத்து வைத்திருக்கும் இடங்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நான் இந்தப் பெயரில் எழுதுவதே அதை நினைவில் வைத்துக்கொள்ளத்தான்.


ஈசூன் செல்வி எழுதியது:

சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன். இங்கே அடுக்குமாடி வீடுகளில் முன்பு லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. 2001ல் ஆரம்பித்த மேம்பாட்டுத் திட்டத்துக்கு அப்புறம்தான் பெரும்பாலான பழைய புளோக்குகளில் ஒவ்வொரு தளத்திலும் நிற்கிறது. என் மாமியார் அதற்கு முன்னால் அரிசி மூட்டையோடு ஒரு மாடி நடந்து இறங்குவார். அதனால் லிஃப்ட் என்றால் முதியவருக்கு என்ற நினைப்பு இங்கே கொஞ்சம் ஊறியிருக்கிறது.

எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயில் நிலையங்களில் லிஃப்ட் முன்னால் தரையிலேயே படம் போட்டு, சக்கர நாற்காலிக்கும் முதியவருக்கும் குழந்தை வண்டிக்கும் முதலிடம் என்று எழுதியிருக்கும். அது இருப்பதால் "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்க நமக்கும் வாய் வருகிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், சனிக்கிழமை சாயங்காலம் மால்களில் இங்கேயும் அக்கா பார்த்த காட்சிதான். படம் மட்டும் போட்டால் போதாது, நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.


பழைய ஆபரேட்டர் எழுதியது:

பேரன் இந்த இழையைப் படித்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன் அடிக்கிறான்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் 18 வருடம் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தேன். ஆரம்பத்தில் இழுக்கிற கம்பிக் கதவு, அப்புறம் தானியங்கிக் கதவு. அது வந்த பிறகும் முதலாளி என்னை எடுக்கவில்லை. "பட்டன் அழுத்த ஆள் வேண்டாம், கூட்டத்தைப் பார்க்க ஆள் வேணும்" என்பார்.

எனக்கு ஒரு ஸ்டூல். அதற்குப் பக்கத்து மூலையை எப்போதும் காலியாகவே வைப்பேன். தீபாவளிக் கூட்டத்தில்கூட அந்த மூலையை நிரப்ப மாட்டேன். கீழே பத்துப் பேர் முண்டினாலும் எட்டுப் பேரைத்தான் ஏற்றுவேன். இரண்டாவது மாடியில் கதவு திறக்கும்போது ஒரு பாட்டி நிச்சயம் நிற்பார். "பாட்டி, உங்களுக்கு இடம் வச்சிருக்கேன், வாங்க" என்பேன். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பேரனைப் பார்த்த மாதிரி சிரிப்பார்கள். இளவட்டங்களிடம், "தம்பி, ஒரே மாடிதானே, படியில போயிடுங்க ராஜா, நீங்க எனக்கு முன்னாடி போய் நிப்பீங்க" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். கோபமாகச் சொன்னால் போக மாட்டார்கள். 18 வருடத்தில் கற்றது அதுதான். உடம்பு முடியவில்லை என்று எவராவது மெதுவாகச் சொன்னால் மேற்கொண்டு கேட்க மாட்டேன். நீலக்குடைத் தம்பி என் லிஃப்ட்டில் வந்திருந்தால் அவருக்கும் இடம் இருந்திருக்கும்.

என் பலகையில் ஒரு சாவி உண்டு. அதைத் திருப்பினால் லிஃப்ட் என் பேச்சைத்தான் கேட்கும். நிற்காமல் நேராக நாலாவது மாடிக்குப் போக வேண்டுமென்றால் போகலாம்.


முக்கோணச்சாவி எழுதியது:

பெரியவர் சொல்லும் சாவி இன்றும் பல லிஃப்ட்டில் இருக்கிறது. அட்டெண்டன்ட் சாவி என்போம், பட்டன் பலகையின் கீழே பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். புது மால்களில் அதை யாரும் திருப்பியதே இல்லை. கூட்ட நேரத்தில் ஒரு லிஃப்ட்டை மட்டும் அப்படி வைத்து ஓர் ஆளைப் போட்டால், புதிதாக எந்தச் சாமானும் வாங்க வேண்டாம்.


சட்டப்பிரிவு எழுதியது:

விதி கேட்டிருந்தீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. "பொதுக் கட்டடம்" என்பதற்கு அதில் தரும் விளக்கத்தில், மக்கள் வந்து போகும் தனியார் கட்டடமும் வணிகக் கட்டடமும் அடங்கும். அதனால் மால் எங்கள் சொந்த இடம் என்று ஒதுங்க முடியாது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

லிஃப்ட் இயக்க உரிமம் தருவது 1997ம் ஆண்டின் தமிழ்நாடு லிஃப்ட் சட்டத்தின் கீழ், மின் ஆய்வுத் துறை. அது பாதுகாப்பைப் பார்க்கும், யார் முதலில் ஏறுவது என்பதைப் பார்க்காது. முதலில் மால் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று திட்டமாக எழுதுங்கள். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்குப் போகலாம்.


இரட்டையர் அம்மா எழுதியது:

கடிதத்தில் ராத்திரி விஷயத்தையும் சேருங்கள் அக்கா. கடைசிக் காட்சி முடிந்து வரும்போது கடைகள் மூடியிருக்கும், எஸ்கலேட்டரை நிறுத்தியிருப்பார்கள், மொத்தத் தியேட்டரும் அந்த இரண்டு லிஃப்ட் முன்னால்தான் நிற்கும். போன வாரம் தூங்குகிற இரண்டு குழந்தைகளோடு நானும் நின்றேன்.


மடிப்பாக்கத்துக்காரி எழுதியது:

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். எடை அளவைக் குறைப்பது, அட்டெண்டன்ட் சாவி, கதவுப் பள்ளத்தில் பிரஷ், மணி கேட்கும்படி பாட்டை நிறுத்துவது, கடைசிக் காட்சி முடியும்வரை ஒரு எஸ்கலேட்டரை ஓட விடுவது, தரையில் படம். முக்கோணச்சாவி அண்ணா ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுத்தார், நன்றி அண்ணா. நாளை நேரில் கொடுக்கிறேன்.


மடிப்பாக்கத்துக்காரி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கடிதத்தை வாங்கிய மேலாளர் முழுக்கப் படித்தார். "லிஃப்ட் பத்தாதுன்னு நிறைய புகார் வரும், இப்படி என்ன செய்யலாம்னு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை" என்றார். எல்லாம் நடக்கவில்லை. எஸ்கலேட்டர் விஷயத்தில் இன்னும் பதில் இல்லை, பாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு மறுபடி எழுதியிருக்கிறேன்.

ஆனால் நேற்று அம்மாவை மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றார். பேத்தி கையைப் பிடித்து இழுத்துத்தான் வந்தார். இரண்டில் ஒரு லிஃப்ட் முன்னால் மஞ்சள் பெயின்ட்டில் நாற்காலிப் படமும் குழந்தை வண்டிப் படமும். உள்ளே நீலச் சட்டை போட்ட ஒரு பையன், இருபது இருபத்தொன்று வயது இருக்கும். மூன்றாவது மாடியில் கதவு திறந்ததும், "அம்மா, வாங்க, இடம் இருக்கு" என்றான். நாலு நிமிடம்கூட நிற்கவில்லை நாங்கள்.

இறங்கும் வழியில் அம்மா அவனிடம் ஊர், பேர், சாப்பிட்டாயா, எல்லாம் கேட்டுவிட்டார். சாயங்காலம் ஐந்திலிருந்து பத்து வரை இந்த வேலையாம். பேஸ்மென்ட்டில் கதவு திறந்த பிறகும் அம்மா நாற்காலியைத் தள்ள விடவில்லை. அவன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தான்.


பழைய ஆபரேட்டர் எழுதியது:

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தப் பையனுக்கு ஸ்டூல் கொடுத்திருக்கிறார்களா?


மடிப்பாக்கத்துக்காரி எழுதியது:

இல்லை ஐயா. நின்றுகொண்டேதான் இருந்தான்.


சட்டப்பிரிவு எழுதியது:

2021ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.


மடிப்பாக்கத்துக்காரி எழுதியது:

எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த மூலையை அடைக்காத மாதிரி சின்ன ஸ்டூலா போடச் சொல்லுடி" என்கிறார்.